பிரேக் டிஸ்க் மாற்றி 6,000 கி.மீ.க்குள் உதறல் திரும்பிவிட்டது. இந்த முறை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: உப்புக்காற்று (தூத்துக்குடி)

வணக்கம். என் வண்டி 2014-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல். 78,500 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ள மாதிரி. வீடு கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாலும், வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூரை இல்லாததாலும், அடிப்பாகத்தில் எந்த போல்ட்டைத் தொட்டாலும் துரு கையில் ஒட்டுகிறது.

71,000 கி.மீ. ஆனபோது, மதுரை நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கையில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. பணிமனையில் காட்டியதில், டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கத்து டிஸ்க்குகள் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகள்) இரண்டையும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு வண்டி பட்டுப்போல நின்றது. ஆனால் ஏறக்குறைய 6,000 கி.மீ. ஓடியதும் அதே உதறல் மெலிதாகத் தலைகாட்டியது. இப்போது பக்கத்து இருக்கையில் இருப்பவரே என்னவென்று கேட்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மீண்டும் போய்க் கேட்டபோது, நான் ஓட்டும் முறை சரியில்லை என்ற பதில்தான் கிடைத்தது.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. புது டிஸ்க் இவ்வளவு விரைவில் வளையுமா? இதே டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து போடலாமா, அல்லது மறுபடியும் புதிதுதான் வாங்க வேண்டுமா? மூன்றாவதாக, இந்த முறை வேலையை வீட்டில் நானே செய்யலாம் என்று எண்ணுகிறேன். இன்ஜின் ஆயில் மாற்றுவதும், பின் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் எனக்குப் பழக்கம். ஆனால் பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றியதில்லை. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால், அறிந்தவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

மறுமொழி: பழைய ஸ்பேனர் (கோயம்புத்தூர்)

தம்பி, நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பட்டறையில் நின்றவன். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. மாற்றிய அன்றே உதறியிருந்தால் டிஸ்க்கில் குறை என்று சொல்லலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெல்ல மெல்ல உதறல் வந்தது என்றால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் பொருத்தப்படும் நடுப்பகுதி) முகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதிலும் நீங்கள் தூத்துக்குடி என்கிறீர்கள்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது எங்கள் தொழிலில் காலங்காலமாகச் சொல்லிவரும் சொல். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டினால் அப்பளம்போல வளைவது அபூர்வம். உண்மையில் நடப்பது இதுதான்: பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தில் துருச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மேலே வைத்து முடுக்கினால், டிஸ்க் நூலிழை அளவு சாய்ந்து உட்காரும். ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. செதில் இருந்தால், ஹப்பைவிட டிஸ்க் அகலம் என்பதால் விளிம்பில் அந்தச் சாய்வு ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும். அப்போதும் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் காலிப்பர் தன்னைத் தாங்கும் வழுக்குத் தண்டுகளான ஸ்லைடு பின்களில் நகர்ந்து அந்த ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளும்.

தீங்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் பேடுகள் டிஸ்க்கை ஒட்டியேதான் நிற்கின்றன. சாய்ந்து சுற்றும் டிஸ்க்கின் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே போகும். உங்கள் வண்டியில் 165/80 ஆர் 14 டயர் என்றால் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 510 முறைக்கு மேல் சுற்றுகிறது. 6,000 கிலோமீட்டரில் 30 லட்சம் சுற்றுகள். அத்தனை முறையும் அதே இடம் உரசுவதால் டிஸ்க் அங்கே மட்டும் மெலிந்துபோகிறது. தடிமனில் 0.02 மி.மீ. வேறுபாடு வந்துவிட்டாலே, பிரேக்கை மிதிக்கும்போது பிடிப்பு கூடிக் குறைந்து, ஸ்டீயரிங்கில் உதறலாகத் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 11 முறைக்கு மேல் சுற்றுவதால், மெதுவாகப் போகும்போது தெரியாத ஒன்று அந்த வேகத்தில் கையை உலுக்குகிறது.

ஓட்டும் முறை பற்றி அவர்கள் சொன்னதில் சிறிதளவு உண்மை உண்டு. வேகமாக வந்து சுங்கச்சாவடியில் அழுத்தி நிறுத்தி, டிஸ்க் கொதிக்கும்போதே பெடலை மிதித்தபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் படிந்து திட்டாகும். அதுவும் உதறலைத் தரும். ஆனால் உங்கள் விவரத்தைப் படித்தால் அது முதற்காரணமாக எனக்குத் தோன்றவில்லை. காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டை ஆளுக்கொரு பலத்தில் அடித்து முடுக்குவதும் டிஸ்க்கின் நடுப்பகுதியைக் கோணலாக இழுக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

லேத் பற்றி. டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவில் புடைத்த தொப்பிப் பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் டிஸ்க் அதிகம் ஓடாதது என்பதால் தடிமன் மிச்சம் இருக்கும். ஆனாலும் நம் ஊர் லேத்துகளில் ஒரு முகத்தைக் கடைந்துவிட்டுக் கழற்றித் திருப்பிப் பிடித்து மறுமுகத்தைக் கடைவார்கள்; அப்படிச் செய்யும்போது இரண்டு முகங்களும் 0.02 மி.மீ. துல்லியத்துக்குள் இணையாக வருவது அரிது. சிறு கார்களின் டிஸ்க் விலையை எண்ணினால் நான் புதிதையே போடுவேன். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் என்று பிரேக் பொருளில் நம் மாநிலத்துக்குத் தேர்ச்சி உண்டு. பெட்டியில் பெயரே இல்லாத பேடை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் சமதளமான சிமெண்ட் தரை, தூக்கிய வண்டியைத் தாங்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரென்ச் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே. வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் உட்காராதீர்கள். கோவையில் மண் தரையில் ஜாக்கி சாய்ந்து ஒரு பையனின் கை நசுங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: காவிரிக்கரை (திருச்சி)

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்ல, பள்ளி ஆசிரியை. என் வண்டிக்கு மூன்று முறை முன் டிஸ்க்கும் பேடும் வீட்டு முற்றத்தில் நானே மாற்றியிருக்கிறேன். வரிசையாக எல்லாவற்றையும் காணொளிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், தடுமாறிய இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்று மறந்தால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காலிப்பரைக் கழற்றியதும் அதைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஒரு கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவையுங்கள். பழைய பேடுகளைக் குப்பையில் எறிவதற்கு முன் உள்பேடையும் வெளிப்பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேட் மிகவும் தேய்ந்து வெளிப்பேட் தடிமனாகவே நின்றால், ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது என்று முதலில் ஐயப்பட வேண்டும். கடலோர ஊரில் இது சாதாரணம். பின்களை வெளியே இழுத்துத் துடைத்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் அந்த ரப்பர் உறையை ஊதவைத்து, பின்னை முன்பைவிட இறுக்கிவிடும். சில வண்டிகளில் இரண்டு பின்களில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். முதல் முறை நான் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, மேடுபள்ளத்தில் வந்த சத்தத்துக்குக் காரணம் தெரியாமல் ஒரு வாரம் தேடினேன்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் அணிவது நல்லது.

டிஸ்க் ஹப்பில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். பல டிஸ்க்குகளில் இதற்கென்றே மரை போட்ட இரண்டு சிறிய துளைகள் இருக்கும்; அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக முடுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே தள்ளப்படும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வீல் பேரிங்குக்குக் கேடு.

இனி ஐயா சொன்ன ஹப் முகம். முதலில் கம்பித் தூரிகை, பிறகு உப்புத்தாள், கடைசியாக, வீல் நட்டுகள் ஏறும் ஸ்டடுகளைச் சுற்றியுள்ள வளையங்களில் ஒரு பழைய உளியின் முனை. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் எனக்குப் பிடிக்கும். டிஸ்க் மாற்றும் வேலை முழுவதிலும் மிகுந்த நேரம் எடுத்துக்கொள்வது இதுதான், வெளியில் யாருக்கும் தெரியாததும் இதுதான். கூலிக்குச் செய்பவர்கள் இதைத் தாண்டிப்போவதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் வீட்டில் செய்யும் நமக்கு அந்த அவசரம் இல்லை. ஸ்டடின் அடியில் உள்ள துருவை மட்டும் விட்டுவிட்டால்கூடப் போதும், நட்டை முடுக்கும்போது டிஸ்க் சரியாக அந்த இடத்தில் தூக்கிக்கொள்ளும். புது டிஸ்க்கின் மீதுள்ள காப்பு எண்ணெயை பிரேக் கிளீனர் கொண்டு இரண்டு முகங்களிலும் முழுமையாகக் கழுவிவிடுங்கள்.

பழைய டிஸ்க்கின் தடிமனை அளக்க ஒரு வழி: தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்பதால், வெர்னியரை நேரே வைத்தால் அந்த வரம்பைத்தான் அளக்கும். ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுத்து அவற்றின் தடிமனை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். குறைந்தபட்சத் தடிமன் இருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஐயா சொன்ன 0.02 மி.மீ. வேறுபாட்டைக் காண மைக்ரோமீட்டர்தான் வேண்டும்.

புது பேட் தடிமனாக இருப்பதால் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அப்போது பிரேக் ஆயில் மேலே உள்ள கலத்தில் ஏறும். வழிந்தால் பெயிண்டை உரித்துவிடும், எனவே முன்கூட்டியே சிறிது உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சிந்தினால் துடைப்பதோடு நில்லாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, இன்ஜினை இயக்கும் முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும் வரை முதல் சில மிதிகளில் பிரேக்கே இருக்காது. இதை மறந்து வண்டியைப் பின்னால் எடுத்தால் சுவர்தான் நிறுத்தும்.

மறுமொழி: மலைவழி (நாமக்கல்)

நல்ல உரையாடல். பிரேக் ஆயில் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அடிக்கடி கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்குபவன் நான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. அதன் தரப் பிரிவுகளுள் டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 140. டாட் 4 வகைக்கு அவை 230, 155. கடலோரக் காற்றில் பல ஆண்டு மாற்றாத ஆயில் இருக்குமானால், மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியாகிப் பெடல் தரை வரை போய்விடும். எனவே பேட் மாற்றும்போதே, காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்து குழாய் மாட்டி, பழைய ஆயிலை வெளியே விட்டபடி பிஸ்டனைத் தள்ளுங்கள் என்பேன். அழுக்கு ஆயில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதிக்குள் திரும்பப் போகாது. சிலிக்கானால் ஆன டாட் 5 வகையை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

மறுமொழி: பழைய ஸ்பேனர் (கோயம்புத்தூர்)

மலைவழி சொன்ன கொதிநிலைக் கணக்கு சரி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும் நல்ல பழக்கம். ஆனால் முதன்முறை செய்யும் இந்தத் தம்பிக்கு நிப்பிளைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடற்காற்றில் துருவேறிய நிப்பிள் உடைந்துபோனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். திறந்து மூடும்போது காற்று புகுந்தால் அந்தக் காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்யத் துணைக்கு ஆள் வேண்டும். இந்த முறை மூடியபடியே மெதுவாகத் தள்ளட்டும். ஆயிலைத் தனியாக, பழகிய ஒருவரை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி, டிஸ்க் சுற்றும்போது ஆடும் அளவைக் காட்டும் ஒரு டயல் கேஜை இரவலாவது வாங்குங்கள். வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கை வீல் நட்டுகளாலேயே வாஷர் போட்டுச் சமமாக முடுக்கி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே கேஜின் முனையை வைத்துச் சுற்றிப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் மகிழ்ச்சி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டடு தள்ளி மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்டடு என்பதால் நான்கு வாய்ப்புகள் உண்டு, டிஸ்க்கின் சாய்வும் ஹப்பின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் ஒன்று கிடைக்கும். கிடைத்ததும் அந்த ஸ்டடுக்கு நேரே சாக்பீஸால் குறியிடுங்கள்.

முடுக்கும் அளவுகள் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு கட்டமாக முடுக்குங்கள்.

கடைசியாக, புது பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பொருந்தப் பழக்கும் பதப்படுத்துதல். பேடின் பெட்டியில் முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், போக்குவரத்து இல்லாத சாலையில் 60-லிருந்து 20 வரை மிதமாக வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையில் அரைக் கிலோமீட்டர் ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்யுங்கள். 1,100 கிலோ எடையுள்ள வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிரேக்குகள் வாங்கிக்கொள்ளும் வெப்பம், ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அந்தச் சூட்டில் ஒரே இடத்தில் பேடை அழுத்திப் பிடித்தால் என்னாகும் என்று முன்பே சொன்னேன்.

கேட்டவரின் பின்குறிப்பு: உப்புக்காற்று (தூத்துக்குடி)

அனைவருக்கும் நன்றி. ஐயா, சென்ற ஞாயிறு வேலையை முடித்தேன். காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை ஆயிற்று. துறைமுகத்தில் வேலை பார்க்கும் உறவினர் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் கொடுத்து உதவியதோடு, முதல் பக்கம் முடியும் வரை கூடவே இருந்தார்.

கழற்றுவதற்கு முன்பே இடது டிஸ்க்கை அளந்தேன்: ஆட்டம் 0.14 மி.மீ. தடிமனை எட்டு இடங்களில் அளந்ததில் 0.03 மி.மீ. வேறுபாடு இருந்தது. வலது பக்கம் 0.05 ஆட்டமும் 0.01 வேறுபாடும் மட்டுமே. இடது டிஸ்க்கைக் கழற்றியபோது, நீங்கள் சொன்னபடியே ஹப்பின் முகத்தில் ஒரு ஸ்டடின் அருகே விரல்நகம் அளவுக்குத் துருச் செதில் அழுத்தி ஒட்டிக்கிடந்தது. டிஸ்க்கின் பின்புறத்தில் அதன் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. காவிரிக்கரை அம்மா சொன்ன முக்கால் மணி நேரம் எனக்கு ஒன்றரை மணி நேரமானது. இடது பக்கத்துக் கீழ் ஸ்லைடு பின்னும் இறுகியிருந்தது, அதைச் சுழற்றிச் சுழற்றித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

சுத்தம் செய்து புது டிஸ்க் போட்டதும் இடது பக்கம் 0.06 காட்டியது. ஒரு ஸ்டடு தள்ளி மாட்டினேன், 0.03-க்கு வந்தது. வலது பக்கம் மாட்டியவுடனே 0.04. நிப்பிளைத் தொடவில்லை, அடுத்த மாதம் ஆயிலை மாற்ற ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன். நேற்று மதுரை வரை போய்வந்தேன், 100-லிருந்து மிதித்தாலும் ஸ்டீயரிங் அசையவில்லை. ஆனால் சென்ற முறையும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது என்பதால், 5,000 கி.மீ. ஆனதும் சக்கரத்தைக் கழற்றி மறுபடியும் கேஜ் வைத்து அளந்து, அந்த எண்களை இங்கேயே எழுதுகிறேன்.